நேரம் போனதே தெரியலன்னு சொல்றோமே, அது என்ன?

தீபாவளிக்கு பத்து நாள் இருக்கும்போது எங்க வீட்ல தையல் மெஷின் சத்தம் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நிக்காது. அம்மா பிளவுஸ் தைக்கிறவங்க, எங்க தெருவுல பாதி பேருக்கு அவங்கதான் டெய்லர். சின்ன வயசுல நான் பக்கத்துல உக்காந்து கொக்கி வச்சு தைச்சுக் கொடுப்பேன். கழுத்துக்கு பைப்பிங் வைக்கிற நேரத்துல அம்மாவ கூப்பிட்டா பதிலே வராது, "அம்மா அடுப்புல பால் பொங்குது"ன்னு நாலு தடவை கத்தினாலும் கேக்காது, அந்த வளைவ முடிச்சு நூலைக் கத்தரிச்சுட்டு தலைய நிமிர்த்தி "என்னடா, மணி எட்டாயிடுச்சா"ன்னு கேப்பாங்க, அவங்க உக்காந்தது அஞ்சு மணிக்கு. இடுப்பு வலிக்குதும்பாங்க, பசிக்குதும்பாங்க. அந்த மூணு மணி நேரமும் அந்த வலியும் பசியும் எங்க போச்சுங்கறதுதான் எனக்கு ரொம்ப நாளா இருந்த கேள்வி.

இதுக்கு நம்மகிட்ட நல்ல வார்த்தையே இருக்கு, லயிப்பு. பாட்டுல லயிச்சுட்டான், வேலைல ஒன்றிப் போயிட்டா, தன்னை மறந்து படிச்சுட்டு இருந்தான், இப்படி எல்லாம் தினமும் சொல்றோம். சைக்காலஜில இதுக்கு ஃப்ளோன்னு பேரு, ஆத்து தண்ணி ஓடுற மாதிரி தானா ஓடுறதுங்கற அர்த்தத்துல. கிட்டத்தட்ட அம்பது வருஷமா இத ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. எப்போ வரும், எப்போ வராது, எதனால கெட்டுப் போகும்னு ஓரளவு தெளிவாவே கண்டுபிடிச்சிருக்காங்க. "எனக்கு மோட்டிவேஷனே இல்ல, மூட் வரட்டும் பாக்கலாம்"னு காத்துட்டு இருக்கிற எல்லாருக்கும் இது தெரியணும்னு நான் நினைக்கிறேன், ஏன்னா மூட் வந்த பிறகுதான் வேலைல மூழ்க முடியும்னு நாம நம்பிட்டு இருக்கோம், பெரும்பாலும் நடக்கிறது நேர் மாறா.

முதல்ல இத ஆரம்பிச்சு வச்ச மனுஷனப் பத்தி சொல்லிடறேன். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, ஹங்கேரிக்காரர், 1934-ல பிறந்தவர். பிறந்த ஊரு ஃபியூமே, அப்போ அது இத்தாலில இருந்தது, இப்போ ரியெகாங்கற பேர்ல குரோஷியால இருக்கு. இரண்டாம் உலகப்போர்ல அவர் குடும்பம் ரொம்ப அடிபட்டது. அதுவரைக்கும் பெரிய வேலைல, மரியாதையோட இருந்த பெரியவங்க எல்லாம் வேலையும் வீடும் போனதும் உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இடிஞ்சு உக்காந்துட்டத அந்தப் பையன் பாத்திருக்காரு. சில பேரு மட்டும் அந்த அழிவுக்கு நடுவுலயும் நிமிந்து நின்னாங்க. இவங்களுக்கு மட்டும் எது தாங்கிப் பிடிச்சதுங்கற கேள்வி அவர விடவே இல்ல. இத்தாலில சிறை முகாம்ல இருந்தப்போ செஸ் ஆட ஆரம்பிச்சாராம், போர்டுக்கு முன்னாடி உக்காந்தா சுத்தி நடக்கிறது எதுவும் உறைக்காம வேற உலகத்துக்கே போயிடலாம்னு அப்போதான் கண்டுபிடிச்சதா பின்னாடி பேட்டில சொல்லியிருக்காரு.

சைக்காலஜி பக்கம் அவர் வந்ததும் ஒரு தற்செயல்தான். போருக்கு அப்புறம் பதின்ம வயசுல சுவிட்சர்லாந்துக்குப் போயிருந்தப்போ பனி எல்லாம் உருகிப் போச்சு, பனிச்சறுக்கு கிடையாது, சினிமாவுக்குப் போகவும் கைல காசில்ல, பறக்கும் தட்டுகளைப் பத்தி ஜூரிக்ல ஒரு இலவச பேச்சுன்னு பேப்பர்ல பாத்துட்டு போயிருக்காரு, போய் உக்காந்தா பேசினது பேர்போன மனநல மருத்துவர் கார்ல் யுங். போரால சிதைஞ்சு போன மனசுதான் வானத்துல தட்டுகளைப் பாக்குதுன்னு யுங் பேசினத கேட்டுட்டு அவர் எழுதினத தேடித் தேடி படிச்சு, 1956-ல 22 வயசுல அமெரிக்காவுக்குப் போயி சிகாகோ பல்கலைக்கழகத்துல சைக்காலஜி படிச்சாரு. 2021-ல இறந்தாரு.

டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கிட்டது ஓவியம் படிக்கிற மாணவர்களை. அங்கதான் ஒரு விஷயம் அவர உறுத்துச்சு. படம் நல்லா வந்துட்டு இருக்கும்போது அந்தப் பசங்க சாப்பாடு தூக்கம் எதையும் பாக்காம நின்னு வரைஞ்சாங்க, ஆனா படம் முடிஞ்ச உடனே அத சுவத்துல சாத்தி வச்சுட்டு அடுத்த துணிய எடுத்துட்டாங்க, முடிச்சத திரும்பிக்கூட பாக்கல. அதுல பணமும் புகழும் வரும்ங்கற நிச்சயம் எதுவும் அவங்களுக்கு கிடையாது. அந்தக் காலத்துல சைக்காலஜில பெரும்பாலும் சொன்னது என்னன்னா, பரிசு கிடைச்சா ஒரு காரியத்தை திரும்பச் செய்வோம், தண்டனை கிடைச்சா விட்டுடுவோம், எலிக்கும் அதே, மனுஷனுக்கும் அதே. முடிஞ்ச படம்தான் பரிசுன்னா அதையேன் ஓரமா சாத்தி வைக்கணும்? அப்போ வரையறதேதான் பரிசு, வேற எதுவும் இல்ல. எங்கம்மாவும் தைச்சு முடிச்ச பிளவுஸ ரெண்டா மடிச்சு கவர்ல போட்டதும் அத மறந்துடுவாங்க, கை அடுத்த துணிக்குப் போயிடும், எனக்கு இத படிச்சப்போ உடம்பு சிலிர்த்துச்சு.

அப்புறம் அவர் மலையேறுறவங்க, செஸ் ஆடுறவங்க, நடனக்காரங்க, இசையமைக்கிறவங்க, ஆபரேஷன் பண்ற டாக்டருங்க, கூடைப்பந்து ஆடுறவங்கன்னு ஆளு ஆளா பேட்டி எடுத்தாரு, 1975-ல அது புத்தகமா வந்தது. ஒருத்தர் தொழிலுக்கும் இன்னொருத்தர் தொழிலுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா சொன்ன அனுபவம் ஒண்ணாவே இருந்தது. ஏதோ ஒரு ஓட்டம் என்னை இழுத்துட்டுப் போற மாதிரி இருந்ததுன்னு பல பேரு அவங்களாவே சொன்னாங்க, ஃப்ளோங்கற பேரு அங்க இருந்துதான் வந்தது.

அந்த நேரத்துல உள்ள என்ன நடக்குதுங்கறதுக்கு அவர் கொடுக்கிற விளக்கம் ரொம்ப எளிமையானது. நம்ம கவனம்ங்கறது ஒரு குடம் தண்ணி மாதிரி, அளவு உண்டு. சாதாரணமா அது பல பக்கம் கசிஞ்சுட்டே இருக்கும், கொஞ்சம் வேலைக்கு, கொஞ்சம் கரண்ட் பில்லுக்கு, கொஞ்சம் நேத்து யாரோ சொன்ன சொல்லுக்கு, கொஞ்சம் "நாம சரியா பண்றோமா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க"ங்கறதுக்கு. ஒரு வேலை மொத்தக் குடத்தையும் கேட்டுச்சுன்னா மிச்சத்துக்கு எதுவும் இருக்காது. பசியும் வலியும் அங்கேயேதான் இருக்கு, கவனிக்க ஆள் இல்ல. மணி பாக்கவும் ஆள் இல்ல, அதனாலதான் மூணு மணி நேரம் அரை மணி மாதிரி தோணுது. முக்கியமா, தன்னைத் தானே பாத்து எடை போட்டுட்டே இருக்கிற அந்த உள்குரலும் நின்னு போகும், எனக்கு இதுதான் இதுல பெரிய விஷயமா படுது, ஏன்னா நம்மள களைச்சுப் போக வைக்கிறது பல நேரம் வேலை கூட இல்ல, அந்தக் குரல்தான்.

சரி, இது எப்போ வரும்? மூணு விஷயம் சேரணும்னு சொல்றாங்க. அடுத்து என்ன செய்யணும்ங்கறது தெளிவா இருக்கணும். செஞ்சது சரியா தப்பாங்கறது அப்பவே தெரியணும். அப்புறம் அந்த வேலையோட கஷ்டமும் நம்ம திறமையும் ஒண்ணுக்கொண்ணு ஈடு கொடுக்கணும்.

இத புரிஞ்சுக்க சிக்குக் கோலத்த விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. மார்கழி காலைல புள்ளி வச்சுட்டு நிக்கிற பாட்டியப் பாருங்க. என்ன செய்யணும்ங்கறதுல சந்தேகமே இல்ல, எந்தப் புள்ளியும் விட்டுப் போகாம இழை எல்லாத்தையும் சுத்தி வரணும், கடைசில ஆரம்பிச்ச இடத்துலயே வந்து சேரணும். எங்கயாவது ஒரு வளைவ தப்பா திருப்பிட்டா யாரும் வந்து சொல்ல வேண்டாம், அடுத்த ரெண்டு புள்ளில இழை போற வழி அடைஞ்சு போயி தானா தெரிஞ்சுடும். கஷ்டத்தையும் நாமளே கூட்டிக்கலாம், அஞ்சு புள்ளி அலுத்துப் போனா ஏழு, அப்புறம் ஒம்பது, அப்புறம் பதினஞ்சு. வாசல்ல இருக்கிற அந்தக் கொஞ்ச இடத்துலயே மூணும் அமைஞ்சிருக்கு. இந்தக் கோலத்துக்குள்ள இருக்கிற ஒழுங்க தாம்பரத்துல இருக்கிற மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல இருந்த கிஃப்ட் சிரோமணியும் கூட இருந்தவங்களும் 1970-கள்லயே கணிதமா எழுதிக் காட்டியிருக்காங்க, கம்ப்யூட்டர் மொழிகளுக்கு இலக்கணம் எழுதுற மாதிரி கோலத்துக்கும் இலக்கணம். பாட்டிக்கு அந்த இலக்கணம் விரல்ல இருக்கு. குளிரு, கொசு, எதிர் வீட்டு ரேடியோ எதுவும் அவங்களுக்கு அந்த நேரத்துல கிடையாது.

மூணாவது விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், அதுலதான் நிறைய பேரு மாட்டிக்கிறோம். நம்ம திறமைய விட வேலை ரொம்ப கஷ்டமா இருந்தா பதட்டம் வரும். திறமைய விட ரொம்ப சுலபமா இருந்தா சலிப்பு வரும். நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை மாதிரி குறுகலா ஒரு இடம், நம்மால முடியும் ஆனா முழுசா கவனிச்சாதான் முடியும்ங்கற இடம், லயிப்பு அங்கதான். அப்புறம் மிலான்ல ஃபௌஸ்டோ மாசிமினியோட குழு இத இன்னும் கொஞ்சம் திருத்துனாங்க, வேலையும் சுலபம் திறமையும் கம்மின்னா அப்பவும் ரெண்டும் ஈடுதான், ஆனா அங்க லயிப்பு வர்றதில்ல, ஒரு மந்தநிலைதான் வருது, அதனால ரெண்டுமே நம்ம வழக்கமான அளவ விட மேல இருக்கணும்னாங்க. கேரம் ஆடுறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், நம்மள விட ரொம்ப சுமாரா ஆடுற ஆளோட ஆடினா ரெண்டு போர்டுல கொட்டாவி வந்துடும், டோர்னமென்ட் ஆடுற ஆளோட உக்காந்தா ஸ்ட்ரைக்கர் நம்ம கைக்கே வராது, நம்மள விட ஒரு பிடி மேல ஆடுற ஆள் கிடைச்சா விடிய விடிய ஆடுவோம்.

நான் முப்பத்தஞ்சு வயசுக்கு மேல அம்மாகிட்ட தையல் கத்துக்க உக்காந்தேன். ஆபீஸ்ல டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல பில் என்ட்ரி போடறது என் வேலை, பத்து வருஷமா அதே வேலை, கை தானா போகும், மனசு எங்கயோ இருக்கும், சாயங்காலம் வந்தா ஒண்ணுமே செய்யாத மாதிரியும் இருக்கும், செத்த களைப்பாவும் இருக்கும். தையல்ல நான் நேரா லைனிங் பிளவுஸ்தான் தைப்பேன்னு அடம் பிடிச்சேன். ரெண்டு நாள்ல துணிய மூலைல போட்டுட்டேன், எனக்கு இதுக்கெல்லாம் ஆர்வமே இல்ல போலன்னு முடிவும் பண்ணிட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லாம பழைய வேட்டிய கிழிச்சு கொடுத்து, இதுல நேர்கோடா அம்பது தையல் போடு, கோடு விலகாம வந்தா அப்புறம் வளைவு, வளைவு வந்தா தலையணை உறைன்னாங்க. மூணாவது நாள் நான் வளைவு போட்டுட்டு இருக்கும்போது போன் ரெண்டு தடவை அடிச்சிருக்கு, எனக்குத் தெரியல. ஆர்வம் இல்லன்னு நான் நினைச்சது தப்பு, வேலையோட அளவுதான் எனக்கு சரியில்லாம இருந்தது, அவ்ளோதான். "எனக்கு கணக்கு பிடிக்காது", "எனக்கு இங்கிலீஷ் வராது"ன்னு சொல்ற எத்தனை பிள்ளைங்களுக்கு உண்மைல இதுதான் நடந்திருக்கும்னு அதுல இருந்து நான் யோசிக்கிறேன். பாடம் ஓடிட்டே இருக்கும், ஒரு படி விட்டுப் போச்சுன்னா அடுத்து எல்லாமே பதட்டம்தான், பதட்டத்துல யாருக்கு ஆர்வம் வரும்.

இன்னொரு பக்கம் மோட்டிவேஷன் ஆராய்ச்சி தனியா ஒண்ணு ஓடிட்டு இருந்தது, அதுவும் கடைசில இதே இடத்துக்குத்தான் வந்து சேருது. 1940-கள் கடைசில அமெரிக்கால விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஹாரி ஹார்லோன்னு ஒருத்தர் குரங்குக் கூண்டுல ஒரு சின்ன பூட்டுப் புதிர வச்சாரு, ஆணிய உருவணும், கொக்கிய விடுவிக்கணும், தாழ்ப்பாள தூக்கணும். திறந்தா உணவு கிடையாது, பாராட்டு கிடையாது, ஒண்ணுமே கிடையாது. ஆனாலும் குரங்குங்க அத திறந்து திறந்து பழகி கைதேர்ந்துடுச்சு. பசி, தாகம் மாதிரி, ஒரு காரியத்த செஞ்சு பாக்கிற ஆசையும் உடம்போட பிறந்ததோன்னு அவர் கேட்டாரு. இன்னும் ஆச்சரியம் என்னன்னா, பரிசா உலர் திராட்சை வைக்க ஆரம்பிச்சதும் குரங்குங்க தப்பு அதிகமா பண்ணுச்சு.

அதுக்கு இருபது வருஷம் கழிச்சு எட்வர்ட் டெசிங்கற மாணவர் மனுஷங்ககிட்ட இதையே செஞ்சு பாத்தாரு, முடிவு வெளிவந்தது 1971-ல. சோமா கியூப்னு ஏழு துண்டு மரப்புதிர், டென்மார்க்காரர் பீட் ஹைன் கண்டுபிடிச்சது, துண்டுகள சேர்த்து விதவிதமான உருவம் கொண்டு வரணும். காலேஜ் பசங்கள ரெண்டு குழுவா பிரிச்சு மூணு நாள் வரச் சொன்னாரு. ஒரு குழுவுக்கு ரெண்டாவது நாள் மட்டும் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு டாலர். மூணாவது நாள் பழையபடி காசு கிடையாது. உண்மையான சோதனை இடைல இருக்கு, அவர் ஏதோ வேலை இருக்குன்னு எட்டு நிமிஷம் வெளிய போயிடுவாரு, ரூம்ல பத்திரிகைங்க கிடக்கும், என்ன வேணா பண்ணலாம், வெளிய நின்னு யாரு புதிர கைல எடுக்கிறாங்கன்னு பாப்பாங்க. காசு வாங்கின குழு மூணாவது நாள் அந்த எட்டு நிமிஷத்துல புதிர முன்ன மாதிரி தொடல. காசே வாங்காதவங்களோட ஆர்வம் குறையல. மொத்தமே 24 பேரு, வித்தியாசமும் பெருசில்ல, அதனால ரொம்ப வருஷம் சண்டை நடந்தது, 1999-ல டெசியும் கூட இருந்தவங்களும் 128 சோதனைகள ஒண்ணா சேர்த்துப் பாத்து, பிடிச்ச வேலைக்கு இத்தனை செஞ்சா இவ்வளவுன்னு பரிசு பேசுனா உள்ளார்வம் குறையுதுங்கறது நிக்குதுன்னு காட்டினாங்க.

பிள்ளைங்க விஷயத்துல இது இன்னும் மனச உறுத்தும். 1973-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட நர்சரி ஸ்கூல்ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூணு பேரும், ஸ்கெட்ச் பேனால வரையறத தானாவே விரும்புற குழந்தைங்கள எடுத்துக்கிட்டாங்க. சில பேருகிட்ட வரைஞ்சா தங்க ஸ்டாரும் ரிப்பனும் வச்ச சர்டிபிகேட் தருவோம்னு முன்கூட்டியே சொன்னாங்க. சில பேருக்கு சொல்லாம கடைசில கொடுத்தாங்க. சில பேருக்கு எதுவும் கிடையாது. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு வகுப்புல பேனாவ சும்மா போட்டு வச்சுப் பாத்தா, முன்கூட்டியே பரிசு பேசின குழந்தைங்க மத்தவங்கள விட ஏறக்குறைய பாதி நேரம்தான் அத தொட்டாங்க. எதிர்பாராம வாங்கின குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்போ பரிசுங்கறது விஷம் இல்ல, "இதுக்காகத்தான் நீ வரையற"ன்னு குழந்தை மனசுல பதிஞ்சு போறதுதான் கெடுக்குது. என் அக்கா பையன் பெரியவனாகி வரையறத விட்டுட்டான், ஒரு காலத்துல சுவரு பூரா லாரியும் யானையுமா வரைவான், அப்புறம் வாராவாரம் போட்டி, கேடயம், போட்டிக்கு வந்த தலைப்ப மட்டும் வரை, ஜெயிக்கிற மாதிரி கலர் அடின்னு போயி, ஒரு போட்டில பேரு வரலன்னதும் பெட்டிய மூடி வச்சுட்டான். அந்த யானைங்களுக்காக எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இதனால சம்பளமே வேண்டாம்னு யாரும் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. நியாயமான கூலி கிடைக்காத இடத்துல மனசு எப்பவும் கூலியப் பத்தியேதான் யோசிக்கும், அங்க லயிப்புக்கு வழியே இல்ல. சலிப்பான வேலைக்கு ஊக்கத்தொகை கொடுத்தா கெட்டுப் போக அங்க உள்ளார்வமே கிடையாது. அம்மா பிளவுஸுக்கு காசு வாங்கத்தான் செய்யறாங்க, ஆனா இந்த டிசைன் இப்படி வரும்ங்கற முடிவு அவங்க கைல இருக்கு, வேலை அவங்களோடது. டெசியும் ரிச்சர்ட் ரையனும் சேர்ந்து 1980-கள்ல இருந்து வளர்த்தெடுத்த கோட்பாடு சொல்றதும் இதான், மனுஷனுக்கு மூணு பசி இருக்கு, இது என் முடிவுங்கற உணர்வு, என்னால முடியுதுங்கற உணர்வு, எனக்குன்னு நாலு பேரு இருக்காங்கங்கற உணர்வு. இந்த மூணுல எதையாவது பறிச்சுட்டு எவ்வளவு மோட்டிவேஷன் பேச்சு பேசினாலும் ஒட்டாது.

மறுபடி சிக்சென்ட்மிஹாயிகிட்ட வரேன், அவர் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பேஜர் ஆராய்ச்சி. நடந்து முடிஞ்சத கேட்டா ஜனங்க அவங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி சொல்லுவாங்க, அதனால சாதாரண ஆளுங்க கைல பீப் பீப்னு அடிக்கிற சின்ன கருவியான ஒரு பேஜர கொடுத்து, ஒரு வாரத்துக்கு ஒரு நாளைக்கு எட்டு தடவை மாதிரி நினைச்ச நேரத்துல அடிக்க விட்டாரு. அடிச்ச உடனே இப்போ என்ன செய்யற, மனசு எப்படி இருக்கு, வேலை எவ்வளவு கஷ்டம், உன் திறமை எவ்வளவுன்னு சின்ன நோட்டுல குறிக்கணும். 1989-ல ஜூடித் லெஃபெவரோட சேர்ந்து வேலைக்குப் போறவங்கள வச்சு எழுதுன கட்டுரைல, கஷ்டமும் திறமையும் ரெண்டும் மேல இருக்கிற நேரம் வேலை செய்யும்போது 54 சதவீதம், ஓய்வுல வெறும் 18 சதவீதம். அந்த மேல்நிலைல இருக்கும்போது மனசும் நல்லாத்தான் இருந்திருக்கு. ஆனா இப்போ வேற ஏதாவது செஞ்சுட்டு இருக்கணும்னு ஆசையா இருக்கான்னு கேட்டா, வேலைல இருக்கிறவங்கதான் ஆமாங்கிறாங்க. வேலைன்னா நம்ம இஷ்டம் இல்லாததுன்னு மனசு முன்கூட்டியே முத்திரை குத்தி வச்சிருக்கு, நல்ல அனுபவம் நடந்துட்டு இருக்கும்போது கூட அது கண்ணுக்குத் தெரியல.

அப்போ போன்ல ரீல்ஸ் பாத்து ரெண்டு மணி நேரம் போனதே தெரியலையே, அதுவும் ஃப்ளோவான்னு எல்லாரும் கேக்கிறாங்க. நேரம் போறது ஒரே மாதிரிதான், மத்தது வேற. அதுல நம்ம திறமைக்கு வேலையே இல்ல, கட்டை விரல் போதும். அடுத்தது நல்லா இருக்குமோங்கற எதிர்பார்ப்புதான் இழுக்குது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்ங்கற மூளை ஆய்வாளர் குரங்கு மூளைல பதிவு பண்ணிப் பாத்தப்போ, டோபமைன்ங்கற ரசாயனத்த சுரக்கிற நரம்புங்க பழச்சாறு எதிர்பாராம கிடைச்சப்போதான் துள்ளுச்சு, வரும்னு பழகிப் போன பிறகு சாறு வந்தப்போ துள்ளல, அது வரப்போகுதுன்னு காட்டுற விளக்குக்கு துள்ளுச்சு. எப்போ நல்லது வரும்னு தெரியாத எதுவும் நம்மள இப்படி இழுத்து வச்சுக்கும். லாஸ் வேகாஸ் சூதாட்ட மெஷின் முன்னாடி நாள் கணக்கா உக்காந்திருக்கிறவங்கள நடாஷா டௌ ஷூல்ங்கற மானிடவியல் ஆய்வாளர் வருஷக் கணக்கா போயிப் பாத்து எழுதியிருக்காங்க, அந்த ஆளுங்க ஜெயிக்கணும்னு கூட ஆடலையாம், அந்த மயக்கம் கலையாம இருக்கணும்னு ஆடுறாங்களாம். லயிப்புல இருந்து எழுந்தா உடம்பு களைச்சிருக்கும், மனசு நிறைஞ்சிருக்கும், கைல ஒரு பொருளோ ஒரு பழக்கமோ கூடியிருக்கும். இதுல இருந்து எழுந்தா எனக்கு கண்ணு எரியும், மனசுல ஒரு வெறுமை, என்ன பாத்தேன்னு கேட்டா ரெண்டு கூட சொல்லத் தெரியாது.

லயிப்ப ரொம்பத் தூக்கி வைக்கவும் எனக்கு இஷ்டமில்ல. ஆண்டர்ஸ் எரிக்சன்ங்கற சைக்காலஜி ஆய்வாளர் 1993-ல பெர்லின் வயலின் மாணவர்களை வச்சு எழுதினதப் பாத்தா, அவங்கள மேல கொண்டு போற சாதகம் இருக்கே, வராத இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது, அது தன்னளவுல சுகமா இருக்காதுன்னு அவர் சொல்றாரு, முயற்சி பிழிஞ்சு எடுக்கும். கச்சேரில லயிக்கலாம், அதுக்கு முன்னாடி வரிசை பாடியே ஆகணும். அதே மாதிரி லயிப்புக்கு நல்லது கெட்டது தெரியாது, பூட்டு உடைக்கிறவனுக்கும் அது வரும்.

பழக்கத்துல கொண்டு வர்றதுக்கு எனக்கு உதவினத மட்டும் சொல்றேன். உக்காரும்போது "தையல் போடணும்"னு உக்காந்தா நகராது, "இந்த ரெண்டு கை பட்டிய முடிக்கணும்"னு உக்காந்தா நகரும். முதல் பத்து நிமிஷம் எனக்கு எப்பவும் பிடிக்காது, கழுத்த சொறிவேன், தண்ணி குடிக்கப் போவேன், அத மூட் இல்லைன்னு நான் எடுத்துக்கிட்டு இருந்தேன், அது வண்டி சூடாகிற நேரம்தான்னு இப்போ தெரியுது, கவனம் எல்லாம் பல பக்கம் இருந்து வந்து சேரணும் இல்லையா. ஒரு வேலைய பாதில விட்டுட்டு இன்னொண்ணுக்குப் போனா மனசோட ஒரு பகுதி பழைய வேலைலயே ஒட்டிக்கிட்டு இருக்கும்னு சோஃபி லெராய் 2009-ல எழுதியிருக்காங்க, அதனால மெஷின்ல உக்காரும்போது போன் அடுத்த ரூம்ல, பீரோ மேல. சலிப்பு வந்தா கஷ்டத்த கூட்டுறேன், பதட்டம் வந்தா ஒரு படி இறங்கிடறேன். ஆபீஸ் வேலைலயும் இதையே செஞ்சு பாத்தேன், அம்பது பில்ல ஒரு தப்பில்லாம எத்தனை நிமிஷத்துல முடிக்கிறேன்னு எனக்கு நானே குறிச்சு வச்சேன். தையல் அளவுக்கு வரல, ஆனா சாயங்காலம் அந்த செத்த களைப்பு குறைஞ்சது.

போன வருஷம் அந்த பேஜர் சோதனைய நானே எனக்கு செஞ்சுக்கிட்டேன். போன்ல ஒரு ஆப் நினைச்ச நேரத்துல அலாரம் அடிக்கும், ஒரு நாளைக்கு ஏழு தடவை, ஒரு வாரம், அடிச்சதும் ஒரு வரி எழுதுவேன். ஞாயித்துக்கிழமை நோட்ட திறந்து வச்சு பாத்தேன். மனசு நல்லா இருந்ததுன்னு எழுதினதுல நான் எதிர்பாத்தது பாதி கூட இல்ல. சோஃபால சாஞ்சிருந்த நேரம் பெரும்பாலும் "ஒண்ணுமில்ல"ன்னு எழுதியிருந்தேன். ரெண்டு தடவை சமையல், கூட்டுக்கு தாளிச்சுட்டு இருந்தப்போ. ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு பின்னம் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தப்போ, அது நான் யோசிக்கவே இல்லாத ஒண்ணு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் ரெண்டு அலாரத்துக்கு எதிர்ல எதுவும் எழுதல, காலியா இருந்தது. போன் பீரோ மேல இருந்திருக்கு. அன்னிக்குத்தான் அம்மாவோட பழைய பட்டுப் புடவைய வெட்டி முதல் தடவையா லைனிங் பிளவுஸ் தைச்சேன்.